ஜிம்முக்கு வராத மனம் பூப்பந்துக்கு எப்படி வருகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூரின் ஈசூனிலோ உட்லண்ட்சிலோ உள்ள ஒரு காப்பிக்கடையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால், பக்கத்துச் சமூக மன்றத்தில் இரண்டு மணி நேரம் பூப்பந்து ஆடிவிட்டு, வியர்வை காயாத சட்டையோடு பரோட்டாவுக்கும் தே தாரிக்குக்கும் சொல்லிவிட்டு அமரும் நடுத்தர வயதுக்காரர்களின் கூட்டம் ஒன்றைப் பார்க்காமல் எழ முடியாது. அவர்களில் ஒருவரிடம் ஜிம்மைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், ஜனவரியில் சேர்ந்ததையும் சீனப் புத்தாண்டு விடுமுறையோடு நின்றுபோனதையும் சொல்லிவிட்டு, “உடற்பயிற்சிக்கெல்லாம் எனக்கு ஊக்கம் கிடையாது அண்ணே” என்று முடித்துக்கொள்வார். அன்று காலையில் அவர் ஓடிய ஓட்டமும் தாவிய தாவலும் எந்த ஓட்டப்பொறியிலும் அவர் செய்திராத அளவுக்கு இருந்திருக்கும். ஆனாலும் அதை அவர் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த முரண்பாட்டைக் கவனிக்காமல் விடுவதால்தான், ஜிம்மை விட்டவரைச் சோம்பேறி என்றும், விடாமல் போகிறவரை மன உறுதி மிக்கவர் என்றும் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். உளவியலாளர்கள் ஊக்கத்தை இப்படிப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்க்கும் விதம் என்ன, அதன்படி ஜிம்முக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது, அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் ஜிம்மில் எதை மாற்றலாம் என்பவற்றை முன்னறிவு எதுவும் தேவைப்படாத வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டையில் கிடக்கும் பணமா ஊக்கம்?

நம்மில் பெரும்பாலோர் ஊக்கத்தை, ரயில், பேருந்துக் கட்டணத்துக்கான ஈஸி-லிங்க் அட்டையில் கிடக்கும் பணத்தைப் போலக் கருதுகிறோம். சிலர் அட்டையில் அது நிறைய இருக்கிறது, சிலர் அட்டையில் குறைவாக இருக்கிறது. தீர்ந்துபோனால் காலையில் ஒரு யூடியூப் காணொளியைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். எந்த நிலையத்தில் தட்டினாலும் அதே தொகையிலிருந்துதான் கழியும் என்பது அந்தக் கருத்து.

கருத்து வசதியானதுதான், ஆனால் கண்ணால் காண்பதோடு ஒத்துப்போவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஜூரோங்கில் வேலை முடித்து, கூட்ட நெரிசலில் நின்றபடியே வீடு வந்து சேர்ந்தவர், அன்று ஜிம்முக்குப் போக உடம்பில் தெம்பில்லை என்கிறார். ஒன்பது மணிக்கு நண்பர்கள் காற்பந்துக்கு அழைத்தால் அதே மனிதர் காலணியை எடுத்துக்கொண்டு மின்தூக்கிக்குப் போய்விடுகிறார். அட்டையில் பணமே இல்லையென்றால் இரண்டாவது வாசல் மட்டும் எப்படித் திறந்தது?

ஊக்கம் ஒருவருக்குள் சேமித்துவைக்கப்பட்ட பொருளாக இருப்பதில்லை. அவருக்கும் அவர் செய்யும் செயலுக்கும் இடையில், அந்தச் செயல் அமைந்திருக்கும் விதத்தைப் பொறுத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாகிறது. ஆகையால் ஒருவரிடம் அது எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைவிட, எந்தச் செயலில், எந்தக் காரணத்தால், எந்த வகையான ஊக்கம் பிறக்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

பலன் கைக்கு வரும் நேரம்

முதல் காரணம் நேரம் சம்பந்தப்பட்டது. ஜிம்மில் இன்று தூக்கும் எடைக்கு இன்று கூலி கிடையாது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடும் வலிமையின் பெரும்பங்கு, நரம்புகள் ஏற்கெனவே இருக்கும் தசைகளை இன்னும் நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. கண்ணாடியில் தெரியும் மாற்றத்துக்கு அதற்குப் பிறகும் பல வாரம் பொறுத்திருக்க வேண்டும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பது போன்ற பலன்களோ கண்ணுக்கே தெரியாதவை. உழைப்பும் வலியும் இப்போது, பலன் பிறகு.

பூப்பந்தில் கணக்கு வேறு. எதிராளி உயர்த்தி அடித்த பந்து விளக்கொளியில் கண நேரம் மறைந்து, மீண்டும் தெரியும்போது நீங்கள் பின்னால் நகர்ந்து, இடக்கையை உயர்த்திப் பந்தைக் குறிபார்த்து, மட்டையை வீசியிருப்பீர்கள். அது சரியான இடத்தில் பட்டதா என்பதைக் காதில் விழும் சத்தமே சொல்லிவிடும், எதிராளி வலைக்கருகில் தடுமாறுவது அதை உறுதிப்படுத்தும். செய்ததற்கும் விளைவுக்கும் இடையே ஒரு நொடிகூட இல்லை. தவறினாலும் அடுத்த வாய்ப்பு உடனே வந்துவிடும்.

மனிதர்கள் பின்னால் வரும் பெரிய நன்மையைவிட உடனே கிடைக்கும் சிறிய நன்மைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பதைப் பொருளியலாளர்கள் நிகழ்காலச் சார்பு என்கிறார்கள். இந்தச் சார்பு ஜிம் விஷயத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஸ்டெஃபானோ டெல்லவிஞா, உல்ரிக்க மால்மெண்டியர் என்ற இருவர் 2006ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் மூன்று ஜிம்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை அவர்கள் ஆராய்ந்தார்கள். மாதம் 70 அமெரிக்க டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக ஐந்து முறைகூடப் போகவில்லை. ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவானது. அதே ஜிம்மில் பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலர்தான். இவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். சந்தா கட்டும் நாளில், அடுத்த மாதத்து ‘நான்’ இன்றைய என்னைவிட ஒழுங்கானவனாக இருப்பான் என்று நம்பினார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுகிறவர்களும் அந்த அடுத்த மாதத்து மனிதரை நம்பித்தான் போடுகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், ஜிம் பிற்காலப் பலனுக்காக இன்று கேட்கும் முதலீடு, விளையாட்டு அங்கேயே கூலியைக் கொடுத்துவிடும் வேலை. ஒரே மனிதர் இரண்டிலும் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு அவருடைய குணத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

உள்ளிருந்து வருவதும் வெளியிலிருந்து வருவதும்

இரண்டாவது காரணம் ஊக்கத்தின் வகை. ஒரு செயலைச் செய்வதிலேயே கிடைக்கும் இன்பத்துக்காக அதைச் செய்வது உள்ளார்ந்த ஊக்கம். செயலுக்கு வெளியே உள்ள ஒன்றுக்காக, அதாவது பணத்துக்காகவோ தண்டனைக்குப் பயந்தோ எடை குறைவதற்காகவோ செய்வது புற ஊக்கம்.

நம் தீவில் புற ஊக்கத்துக்கு ஐபிபிடி எனப்படும், தேசிய சேவையாளர்களுக்கான தனிநபர் உடலுறுதித் தேர்வைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைக்காது. 2015 முதல் அது தண்டால், படுத்தெழுதல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்ற மூன்று அங்கங்களோடு 100 புள்ளிக்கு நடக்கிறது. போர்க்காலப் படைவீரர், அதாவது முழுநேரத் தேசிய சேவையை முடித்த பின்னும் படையில் தொடர்பவர், 61 புள்ளி எடுத்தால் 200 வெள்ளி, 75க்கு 300 வெள்ளி, 85க்கு 500 வெள்ளி ஊக்கத்தொகை. பிறந்தநாளை ஒட்டித் தேர்வுத் தவணை முடியப்போகும்போது புளோக்கைச் சுற்றிச் சுற்றி ஓடும் இளைஞர்களையும், தேர்வு முடிந்த மறுவாரமே அந்தக் காலணிகள் வாசல் அடுக்கில் தூசி படிவதையும் பல வீடுகளில் பார்க்கலாம். ஓட்டம் பணத்துக்காக, பணம் வந்ததும் ஓட்டத்துக்கு வேலையில்லை.

புற ஊக்கம் சில நேரங்களில் உள்ளார்ந்த ஊக்கத்தை அரித்துவிடவும் கூடும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971ல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களுக்குத் துண்டுகளைப் பொருத்தும் ஒரு புதிரைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு நடுவில் ஒரு சுற்றில் மட்டும், தீர்த்த புதிர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் கொடுத்துவிட்டுப் பிறகு நிறுத்தினார். அதற்குப் பின் கிடைத்த ஓய்வு நேரத்தில் அந்தக் குழுவினர் முன்பைவிடக் குறைவாகவே புதிரைத் தொட்டார்கள். முதலில் வேடிக்கையாக இருந்தது, கூலி கொடுத்ததும் வேலையாகிவிட்டது.

இதைக் கேட்டவுடன் பணம் கொடுத்தால் எல்லாம் கெட்டுவிடும் என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. இந்தத் துறையில் மிக அதிகமாகத் திரித்துச் சொல்லப்படும் இடம் இதுதான். கேரி சார்னஸ், யூரி நீசி இருவரும் 2009ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரத்தில் எட்டு முறை ஜிம்முக்குப் போன மாணவர்களுக்கு 100 டாலர் கொடுத்தார்கள். பணம் நின்ற பிறகும் அவர்களுடைய வருகை முன்பிருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அந்த ஏற்றம் முழுவதும் அதற்கு முன் ஜிம் பக்கம் ஒழுங்காகப் போகாதவர்களிடமிருந்து வந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்குக் கூலி கொடுத்தால் விருப்பம் குறையலாம். விருப்பமே இல்லாத இடத்தில் கூலி வாசலைத் திறந்துவிடலாம். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015ல் தொடங்கிய ‘நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச்’ நடைக்குப் புள்ளி கொடுத்து, புள்ளிக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்ததைக் குறை சொல்கிறவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். நடக்கவே நடக்காத ஒருவரிடம் அரித்துப்போக என்ன விருப்பம் இருக்கிறது?

இன்னொரு பிழையும் உண்டு. ஜிம் என்றாலே புற ஊக்கம், விளையாட்டு என்றாலே உள்ளார்ந்த ஊக்கம் என்று இரண்டாகப் பிரித்துவிடுவது. இரும்பைத் தூக்குவதிலேயே மனம் லயித்துப்போகிறவர்கள் எல்லா வட்டார ஜிம்மிலும் இருக்கிறார்கள். மறுபக்கம், விளையாட்டு போன்ற திறமைகளைப் பார்த்து உயர்நிலைப் பள்ளியில் இடம் தரும், 2004ல் அறிமுகமான நேரடிப் பள்ளிச் சேர்க்கையை மனத்தில் வைத்து, பெற்றோர் ஏற்பாடு செய்த பயிற்றுவிப்பாளரிடம் வாரத்துக்குப் பல நாள் பூப்பந்து பழகி, விரும்பிய உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்து, இணைப்பாட நடவடிக்கைக் காலமும் முடிந்ததும் மட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆடியது விளையாட்டுதான், ஆடியதற்கான காரணம் முழுக்க வெளியே இருந்தது.

மேலும், புற ஊக்கம் ஒரே நிறமுள்ளதும் அன்று. டெசியும் அவருடைய சகா ரிச்சர்ட் ரையனும் வளர்த்தெடுத்த தன்முடிவுக் கோட்பாடு அதைப் படிகளாகப் பார்க்கிறது. அடியில், பிறர் கட்டாயத்துக்காகச் செய்வது. அதற்கு மேல், செய்யாவிட்டால் வரும் குற்ற உணர்வுக்காகச் செய்வது. தீபாவளிப் பலகாரம் சாப்பிட்ட மறுநாள் ஜிம்மில் தெரியும் முகங்கள் பெரும்பாலும் இந்தப் படியில் நிற்பவை. அதற்கும் மேல், தனக்கு முக்கியமான ஒன்றுக்காகத் தானே ஏற்றுக்கொண்டு செய்வது: பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும் என்று கால் பயிற்சி செய்யும் பாட்டிக்கு அந்தப் பயிற்சியில் எந்த இன்பமும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் காரணம் அவருடையது. கீழ்ப்படிகளில் பிறந்த ஊக்கம் சீக்கிரம் கருகும். மேற்படியில் பிறந்தது நெடுநாள் நிற்கும். உள்ளார்ந்த ஊக்கமே வந்தாக வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் நல்ல செய்தி.

வாட்ஸ்அப் பட்டியலுக்குள் இருப்பது

அந்தக் கோட்பாடு இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. எந்தச் செயலிலும் ஊக்கம் தழைக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறது அது. நான் விரும்பித் தேர்ந்ததைச் செய்கிறேன் என்ற உணர்வு தன்னுரிமை. என்னால் முடிகிறது, முன்னேறுகிறேன் என்ற உணர்வு திறனுணர்வு. நான் இல்லாவிட்டால் தேடுவதற்கு ஆள் இருக்கிறது என்ற உணர்வு பிணைப்பு. இந்த மூன்றையும் புரிந்துகொள்ள ஒரு பூப்பந்துக் குழுவின் வாட்ஸ்அப் பக்கமே போதும்.

புதன்கிழமை இரவு யாராவது ஒருவர் தொடங்கிவைப்பார்: ஞாயிறு, எட்டு முதல் பத்து, இரண்டு கோர்ட், எட்டுப் பேர். அதற்குக் கீழே ஒன்று என்று எழுதித் தன் பெயரைப் போடுவார். அடுத்தவர் அந்தப் பட்டியலை அப்படியே நகலெடுத்து இரண்டாவதாகத் தன் பெயரைச் சேர்த்து அனுப்புவார். ஆறு பெயர் வந்ததும் பட்டியல் நின்றுவிடும். பிறகு “இன்னும் ரெண்டு பேர் வேணும், கோர்ட் காசு வீணாப் போயிடும்” என்று ஒரு செய்தி வரும். யாரோ தன் மைத்துனரை அழைத்து வருவார். காசைக் கைத்தொலைபேசிப் பணமாற்றச் சேவையான பேநவ் வழியாகப் பங்கு பிரித்து அனுப்பிவிடுவார்கள். சமூக மன்றத்திலோ பள்ளி மண்டபத்திலோ வார இறுதிக் கோர்ட் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பது எல்லாருக்கும் தெரியும். லோ கியன் இயூ 2021 டிசம்பரில் ஸ்பெயினின் ஹுவெல்வா நகரில் உலக வெற்றியாளரான நாடு இது, மட்டை பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆகவே போராடிப் பிடித்த கோர்ட்டை வீணாக்குவது சிறிய குற்றமாகக் கருதப்படாது.

இந்தப் பட்டியலில் ஒருவர் தன் பெயரைத் தானே எழுதுகிறார், அது தன்னுரிமை. எழுதியபின் வராமல் போனால் மற்ற மூவரால் இரட்டையர் ஆட்டம் ஆட முடியாது, அது பிணைப்பு. ஜிம்மில் நீங்கள் வராவிட்டால் எந்தப் பொறியும் உங்களைத் தேடாது. பொதுவாக நாம் மன உறுதி என்று பாராட்டுவதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட ஏற்பாட்டின் வேலை என்பது என் கணிப்பு.

திறனுணர்வு கொஞ்சம் நுட்பமானது. உங்களைவிட மிகவும் வலியவரோடு ஆடினால் எரிச்சல் வரும், மிகவும் எளியவரோடு ஆடினால் கொட்டாவி வரும். திறமையும் சவாலும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது மனிதர் நேரம் போவது தெரியாமல் செயலில் கரைந்துவிடுவதை உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் 1970களிலிருந்து ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் ஆட்டத்துக்கு ஆட்டம் ஜோடியை மாற்றிக்கொள்வது இந்தச் சமநிலையைத் தேடித்தான், அவர்கள் அதை அப்படிச் சொல்லாவிட்டாலும்.

ஜிம்மில் முதல் நாள் நுழைகிறவருக்கோ இந்தத் தேவை நேர் எதிராக அடிவாங்குகிறது. பொறியின் இருக்கையை எப்படி இறக்குவது என்று தெரியாது, கேட்கக் கூச்சம். முன்னால் இருந்தவர் வைத்துப்போன எடை அசையவே மறுக்கும். எடையைக் குறைக்க, அளவைத் தீர்மானிக்கும் ஊசியைப் பிடுங்கி மேல் துளையில் செருகும்போது சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் பார்ப்பதாகத் தோன்றும். வேறு வழியில்லாமல் கைத்தொலைபேசியை எடுத்து ஏதோ முக்கியச் செய்தி வந்ததுபோல் பார்த்துக்கொண்டு நிற்பார். சுவரெல்லாம் கண்ணாடியும், எடைப் பகுதி முழுக்க ஆண்களுமாக இருக்கும் இடத்தில் நம் பெண்களில் பலர் ஓட்டப்பொறியைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. அதே பெண்கள் சமூக மன்றத்தின் ஸும்பா வகுப்பில் முதல் வரிசைக்குப் போட்டிபோடுவார்கள். அவர்களுக்கு ஊக்கம் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

சுருங்கச் சொன்னால், குழு விளையாட்டில் தன்னுரிமை, திறனுணர்வு, பிணைப்பு மூன்றும் ஆட்டத்தின் அமைப்பிலேயே வந்துவிடுகின்றன. ஜிம்மில் முதலாவது மட்டும் இருக்கிறது, மற்ற இரண்டையும் போகிறவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டோபமைன் பற்றிச் சிறிது

சமூக ஊடகங்களில் எல்லாவற்றுக்கும் டோபமைன்தான் காரணம் என்கிறார்கள். அதை இன்ப ரசாயனம் என்றும் சொல்லிவிடுகிறார்கள். உண்மை இன்னும் சுவையானது. டோபமைன் என்பது மூளை உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் பொருள்களில் ஒன்று. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் உயிரணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், சாறு வந்தபோது அவை சும்மா இருந்தன, விளக்குக்கே துடித்தன. எதிர்பார்த்த சாறு வராதபோது அடங்கிப்போயின. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை அவை கணக்கிடுகின்றன. அடுத்த புள்ளி யாருக்கு என்று தெரியாத ஆட்டம் அலுக்காததற்கும், முப்பதாவது நிமிடத்தில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த ஓட்டப்பொறி அலுப்பதற்கும் இதில் ஒரு தொடர்பு இருப்பதாக ஊகிக்கலாம். ஊகம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

விளையாட்டிடம் ஜிம் கடன் வாங்கக்கூடியவை

பிணைப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜெர்மானிய உளவியலாளர் ஒட்டோ கோலர் 1920களில் பெர்லினில் படகோட்டும் கழகத்தினரை எடை தூக்க வைத்துப் பார்த்தார். இருவர் சேர்ந்து ஒரே தண்டைத் தூக்கும்போது, ஒருவர் நிறுத்தினால் மற்றவரால் தொடர முடியாது என்ற நிலையில், வலு குறைந்தவர் தனியாகச் செய்ததைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் இடையே திறமை வேறுபாடு மிகச் சிறியதாகவோ மிகப் பெரியதாகவோ இல்லாமல் மிதமாக இருந்தபோது இந்த ஏற்றம் அதிகமாக இருந்தது. ஜிம்முக்குத் துணை தேடுகிறவர் தன்னைவிடச் சற்றே வலுவான ஒருவரைத் தேடுவது நல்லது. ‘முடிந்தால் வா’ என்ற துணை பயன்படாது. ஒருவர் நெஞ்சுக்கு மேல் எடையைத் தூக்கும்போது இன்னொருவர் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொள்ளும் அளவுக்கு ஒருவரையொருவர் நம்பியிருக்கும் ஏற்பாடு வேண்டும்.

திறனுணர்வுக்கு ஒரு சிறிய குறிப்பேடு போதும். கண்ணாடியில் மாற்றம் தெரியப் பல வாரம் ஆகும் என்றோம். ஆனால் சென்ற வாரம் 20 கிலோவை எட்டு முறை தூக்கியவர் இந்த வாரம் ஒன்பது முறை தூக்கினால், அது அன்றே விழும் ஒரு புள்ளி. தொலைவில் உள்ள பலனை அருகே இழுத்துவரும் வழி இது. முதல் மாதத்தில் பொறிகளைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரோடு இரண்டு மூன்று முறை போவது, அந்த முதல் நாள் கூச்சத்தையும் போக்கிவிடும்.

உடனடி இன்பத்தை ஒட்டவைக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. கேத்தரின் மில்க்மன் குழுவினர் 2014ல் வெளியிட்ட ஆய்வில், விறுவிறுப்பான ஒலிநூல்களை ஜிம்மில் மட்டுமே கேட்க முடியும்படி செய்தபோது, தொடக்கத்தில் வருகை 51 விழுக்காடு கூடியது. ஆனால் நடுவில் விடுமுறை வந்ததும் அந்த ஏற்றம் கரைந்துவிட்டது. பிடித்த தொடரை ஓட்டப்பொறியில் மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்வது நல்ல உத்திதான், அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

வழக்கத்தைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. வழக்கம் என்பது, குறிப்பிட்ட நேரமோ இடமோ வந்ததும் யோசிக்காமலே நடந்துவிடும் செயல். அது 21 நாளில் வந்துவிடும் என்ற பேச்சு, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960ல் தம் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகும் காலத்தைப் பற்றிச் சொன்னதிலிருந்து திரிந்து பரவியது. பிலிப்பா லாலி குழுவினர் லண்டனில் 96 பேரிடம் நடத்தி 2010ல் வெளியிட்ட ஆய்வில், நடுவளவாக 66 நாள் தேவைப்பட்டது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி தாமதமாகப் படிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை. ஆகவே மூன்று வாரம் போயும் மனம் இன்னும் முரண்டு பிடிக்கிறது என்றால் அதில் வியப்படைய ஒன்றுமில்லை. புதிதாக நேரம் ஒதுக்குவதைவிட, வேலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் உள்ள ஜிம்மில் இறங்கிக்கொள்வது போல, ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு அதை முடிச்சுப்போடுவது எளிது. ஒருமுறை வீட்டுக் கதவைத் திறந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது.

விளையாட்டு எங்கே கைவிடுகிறது

இவ்வளவு சொன்னபின் ஜிம்மை விட்டுவிட்டு ஆடப் போய்விடலாமே என்று தோன்றும். விளையாட்டின் பலமே அதன் பலவீனமும் ஆகும். ஊக்கம் குழுவில் இருந்து வருவதால், குழு கலைந்தால் ஊக்கமும் கலைந்துவிடும். ஒருவருக்குத் திருமணமாகிப் பொங்கோலுக்குக் குடிபோகிறார். இன்னொருவருக்குப் பிள்ளை பிறக்கிறது. கோர்ட் பதிவு செய்துவந்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போகிறார். பட்டியல் ஆறில் நின்று, பிறகு நான்கில் நின்று, ஒரு நாள் யாருமே தொடங்கிவைக்காமல் போகிறது. காற்பந்துக்காரர்களுக்கு இடி மின்னல் எச்சரிக்கை ஒன்றே போதும். ஜிம்முக்கு இந்தத் தொல்லை இல்லை; யாரையும் கேட்காமல், எந்த நேரத்திலும், முப்பது நிமிடத்துக்குக்கூடப் போய்வர முடியும்.

உடம்பின் தேவையும் இரண்டு வகை. உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தையோ 75 முதல் 150 நிமிடம் தீவிரமான இயக்கத்தையோ பரிந்துரைப்பதோடு, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. ஞாயிறு ஆட்டம் முதல் பகுதியில் பெரும்பாகத்தை நிறைவேற்றிவிடும். இரண்டாம் பகுதியை அது நிறைவேற்றாது. வயது ஏற ஏறத் தசை குறைந்துகொண்டே போகும் நிலையில் அந்தப் பகுதிதான் முக்கியமாகிறது.

நாற்பதைக் கடந்த ஆட்டக்காரர்களுக்கு ஜிம்மில் நிலைக்கும் ஊக்கம் கிடைக்கும் வழியும் இங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். பின்னால் பாய்ந்து பந்தை எடுக்கும்போது குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணும், வலையருகே காலை நீட்டி இறங்கும்போது முழங்காலும் அவர்களுக்கு முதலில் வலியைக் காட்டிவிடும். அப்படிப்பட்டவரிடம் இதய நலத்தைப் பற்றிப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். செவ்வாயும் வியாழனும் அரை மணி நேரம் ஜிம்மில் எடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும், ஒற்றைக்காலில் மெல்ல உட்கார்ந்து எழுவதும் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆட்டத்திலும் கால் நிற்பதற்காக என்று சொன்னால், அவருக்கு அந்தக் காரணம் உடனே விளங்கும். பலன் தொலைவில் இல்லை, ஐந்து நாளில் கோர்ட்டில் தெரிந்துவிடும் என்று அவரே எதிர்பார்க்கத் தொடங்குவார். முதல் வாரத்தில் தெரியாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குதிகால் ஏற்கெனவே வலிப்பவர்கள், எடையைத் தொடுவதற்கு முன் இயன்முறை மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது.